ரிசர்வ் வங்கி கெடுபிடியால் வளர்ந்ததா யுபிஐ, கெடுபிடியை மீறி வளர்ந்ததா?

பல்லாவரம்_பாலு

ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்த சண்டை. அங்கே முடியவில்லை, இங்கே இழுத்து வந்திருக்கிறேன்.

கூட வேலை பார்ப்பவர் சொல்வது இதுதான்: அரசாங்கம் ஒதுங்கி நின்றால் போதும், தொழில்நுட்பம் தானாக வளரும், டீக்கடை வரை யுபிஐ வந்ததே அதற்குச் சாட்சி. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. யுபிஐயை என்ன நாலு இளைஞர்கள் வாடகை அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்களா? ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் சேர்ந்து 2008இல் என்பிசிஐயை, அதாவது யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தை, உருவாக்கின. 2010 நவம்பரில் ஐஎம்பிஎஸ் வந்தது. நடுராத்திரி, ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் பணம் அனுப்பும் வசதி அப்போதே வந்துவிட்டது. அதன்மேல் கட்டியதுதான் யுபிஐ. 2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் ரகுராம் ராஜன் தொடங்கிவைத்தார். செல்லாக்காசு அறிவிப்பெல்லாம் ஏழு மாதம் கழித்துத்தான். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியிருக்கிறது.

ஆனால் இதே ரிசர்வ் வங்கியைத் திட்டாத மென்பொருள்காரர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன். விதிகள் எங்கே கை கொடுத்தன, எங்கே கழுத்தைப் பிடித்தன? தலையங்கம் எழுத வேண்டாம், நேரில் பட்டவர்கள் சொல்லுங்கள்.

நிரல்_நெசவன்

இணையக் கடைகளுக்குப் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே கம்பெனியில் சில வருடம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

கதை 2009இல் தொடங்குகிறது. அந்த வருடம் ஆகஸ்ட் 1 முதல், இணையத்தில் கார்டு மூலம் பணம் கட்டக் கார்டில் அச்சிட்ட எண்கள் மட்டும் போதாது, கூடுதலாக இன்னொரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் இதுபோன்ற விதி 2019இல்தான் வந்தது. அமெரிக்காவில் இன்றுவரை கிடையாது. நாங்கள் வாயில் வந்தபடி திட்டினோம். அன்றைய 2ஜி வேகத்தில் வங்கியின் பாஸ்வேர்டு பக்கம் திறப்பதற்குள் தட்கல் டிக்கெட் தீர்ந்துபோகும். பாதியில் அறுந்த பரிவர்த்தனைக்கு யார் பொறுப்பு என்று வாடிக்கையாளர் எங்களைக் கேட்பார், நாங்கள் வங்கியைக் கேட்போம், வங்கி யாரையும் கேட்காது.

2014இல் ஊபர் விவகாரம். பயணம் முடிந்தால் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கலாம், கார்டிலிருந்து பணம் தானாகக் கழியும், ஓடிபி கிடையாது. எப்படிச் செய்தார்கள்? பரிவர்த்தனையை வெளிநாட்டு வங்கி வழியாக ஓட்டினார்கள். உள்ளூரில் ஏறி உள்ளூரிலேயே இறங்கும் பயணம் கணக்கில் வெளிநாட்டுச் செலவாகிவிடும், விதி பொருந்தாது. உள்ளூர் டாக்சி கம்பெனிகள் கொதித்தன. ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டு, அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது. ஊபர் பேடிஎம் வாலெட்டுக்கு மாறியது. அடுத்த வருடம் ஹைதராபாத்தில் ரொக்கமே வாங்க ஆரம்பித்தது. ரொக்கம் வேண்டாம் என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த கம்பெனி அது!

இந்த முட்டுக்கட்டைதான் யுபிஐக்கு உருவம் கொடுத்தது என்பது என் கட்சி. புதுப் போனில் யுபிஐ ஆப் போட்டதும் உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் தானாகப் போகும், பார்த்திருப்பீர்கள். எழுத்தும் எண்ணுமாக ஒன்றும் புரியாது. இந்த நம்பரும் இந்தப் போனும் ஒன்று என்று முடிச்சுப் போடுவது அந்த எஸ்எம்எஸ்தான். கையில் இருக்கும் போன் ஒரு சரிபார்ப்பு, மனதில் இருக்கும் பின் இன்னொரு சரிபார்ப்பு. விதி கேட்ட இரண்டும் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் ஓடிபிக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்தப் பின் போடும் பக்கம். ஜிபேயில் பாருங்கள், போன்பேயில் பாருங்கள், அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். ஏனென்றால் அது ஆப்காரர் எழுதிய பக்கமே இல்லை, என்பிசிஐ கொடுத்த நிரல். நீங்கள் அழுத்தும் எண்கள் அங்கேயே பூட்டப்பட்டு வங்கிக்குப் போகின்றன. ஆப்காரர் கண்ணில் படாது. இப்படி ஒரு ஏற்பாட்டுக்கு எந்தத் தனியார் கம்பெனி தானாக முன்வந்து ஒப்புக்கொள்ளும்?

கோவை_குறும்பன்

நெசவன் ப்ரோ, எழுதியதெல்லாம் சரி. ஆனால் இது ஜெயித்தவன் கதை. தோற்றவர்கள் கணக்கை யார் எழுதுவது?

வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரியில் பத்து லட்சம் பேரோடு சோதனை ஓட்டம். அனுமதி கிடைத்தது 2020 நவம்பரில், அதுவும் இரண்டு கோடிப் பேருக்கு மட்டும். பிறகு நாலு கோடி, பிறகு பத்துக் கோடி. வரம்பை முழுசாக எடுத்தது 2024 டிசம்பர் 31 அன்று. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு உட்காரச் சொன்ன மாதிரி. எனக்கு அந்தக் கம்பெனி மேல் ஒரு பாசமும் இல்லை. ஆனால் ஜெயிப்பது யார் என்பதைச் சந்தையா முடிவு செய்தது?

2021 அக்டோபர் 1 ஞாபகம் இருக்கிறதா? மாதாமாதம் கார்டிலிருந்து தானாகக் கழியும் சந்தா எல்லாம் அன்றிலிருந்து படுத்தது. புது விதிப்படி முன்கூட்டியே தகவல் அனுப்ப வேண்டும், 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. பல வங்கிகள் தயாராகவே இல்லை. அடுத்த ஜூனில் வரம்பை 15,000 ஆக்கினார்கள். அதற்குள் சின்னச் சின்ன மென்பொருள் கடை வைத்திருந்தவர்கள் எத்தனை சந்தாதாரர்களை இழந்தார்களோ.

எல்லாவற்றுக்கும் மேலே எம்டிஆர், அதாவது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வியாபாரியிடம் பிடிக்கும் கமிஷன். யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் வியாபாரியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. சேவை உண்டு, விலை கிடையாது. அப்படிப்பட்ட தொழிலில் நிற்கக்கூடியவர் யார்? நஷ்டத்தைப் பற்றிக் கவலைப்படாத பெரிய கைகள். வால்மார்ட் கையில் உள்ள போன்பேயும் கூகுளும் சேர்ந்து இன்று ஏறக்குறைய பத்தில் எட்டுப் பரிவர்த்தனையை வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் பங்கு கூடாது என்று 2020 நவம்பரில் விதி போட்டது இதே என்பிசிஐதான். கெடு 2022 கடைசி என்றார்கள், 2024 என்றார்கள், இப்போது 2026 டிசம்பர் 31 என்கிறார்கள். இலவசமாக்கி இரண்டு யானைகளை வளர்த்துவிட்டு, அதன்பிறகு சங்கிலிக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மளிகை_மாரி

நீங்கள் எல்லாம் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். திண்டுக்கல் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வரிசையாகச் சொல்லத் தெரியாது, தோன்றியதைச் சொல்கிறேன்.

எம்டிஆர் இல்லாததால்தான் நான் க்யூஆர் அட்டையே ஒட்டினேன். ஐம்பது ரூபாய்க்குப் பருப்பு வாங்கினால் எனக்கு நிற்பது ரெண்டோ மூன்றோ. அதில் கமிஷன் கொடு என்றால் அட்டையைக் கிழித்திருப்பேன். இலவசம் என்கிறார்களே தவிர, பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் டப்பாவுக்கு மாத வாடகை கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். கூட்ட நேரத்தில் அது இல்லாமல் முடியாது. பழைய ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகும் பிள்ளைகள் உண்டு.

என் பிரச்சினை வேறு. போன கோடையில் ஒரு நாள் காலையில் மொத்த வியாபாரிக்குப் பணம் போட முயன்றால் போகவில்லை. வங்கிக்குப் போனால் கணக்கு முடக்கம் என்கிறார்கள். வடக்கே ஏதோ ஒரு மாநில சைபர் போலீஸ் உத்தரவாம். விசாரித்தால், யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் நாலைந்து கை மாறி, அதில் 640 ரூபாய் என் கடைக்கு வந்திருக்கிறது. எண்ணெயும் சோப்பும் வாங்கிக்கொண்டு யாரோ போயிருக்கிறார்கள். அந்த 640க்காகக் கணக்கில் இருந்த மொத்தப் பணமும் நின்றுபோனது. வங்கிப் பெயரைச் சொல்லப் போவதில்லை, எல்லா வங்கியிலும் இதே கதைதான் என்கிறார்கள். பல தடவை அலைந்த பிறகு கணக்கைத் திறந்தார்கள். 640 ரூபாய் மட்டும் இன்னும் லீனில், அதாவது எடுக்க முடியாத நிறுத்திவைப்பில், கிடக்கிறது.

கள்ள நோட்டு வந்தால் அந்த நோட்டு மட்டும்தானே போகும்? கல்லாப்பெட்டியையே யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லையே.

சும்மா_சுந்தர்

மாரி அண்ணே, கல்லாப்பெட்டி விஷயம் 👏

பழைய_கேஷியர்

பொதுத்துறை வங்கி ஒன்றில் ஓய்வு பெற்றவன். முதலில் பாலுவுக்கும் குறும்பனுக்கும், பிறகு மாரிக்கு.

ரிசர்வ் வங்கி, என்பிசிஐ, நிதி அமைச்சகம் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள். எம்டிஆரை எடுத்தது ரிசர்வ் வங்கி அல்ல. 2019 பட்ஜெட்டில் அறிவித்து, சட்டத்தைத் திருத்தி, அரசு செய்தது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, யுபிஐக்குக் கட்டணம் வைக்கலாமா என்று கருத்துக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அது வந்த சில நாட்களிலேயே, அப்படி ஓர் எண்ணமே இல்லை என்று நிதி அமைச்சகம் அறிவித்துவிட்டது. கட்டணத்துக்குப் பதில் அரசு வருடாவருடம் ஊக்கத்தொகை தருகிறது. 2024-25க்கு ஒதுக்கியது 1,500 கோடி. சிறு வியாபாரிக்கு 2,000 ரூபாய் வரை வரும் பரிவர்த்தனைக்கு 0.15 விழுக்காடு. அதை வங்கிகளும் ஆப்காரர்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த வருடம் எவ்வளவு என்பது பட்ஜெட் வந்தால்தான் தெரியும். இதை நம்பி எந்த வங்கி தன் சர்வரைப் பெரிதாக்கும்? மாதத் தொடக்கத்தில் பரிவர்த்தனை நின்று போகும்போது யுபிஐ படுத்துவிட்டது என்கிறீர்கள். பெரும்பாலும் படுப்பது ஏதாவது ஒரு வங்கியின் பின்னறைக் கம்ப்யூட்டர்.

வங்கிகள் தாமாக இதைச் செய்திருக்குமா என்றால், சத்தியமாகச் செய்திருக்காது. நான் சேர்ந்த காலத்தில் ஒரு கிளைக்குள் கம்ப்யூட்டர் நுழையவே 1983 தொழிற்சங்க ஒப்பந்தம் தேவைப்பட்டது. அடுத்த வருடம் ரங்கராஜன் குழு அறிக்கை. அப்போது வந்தது ஏஎல்பிஎம் என்ற லெட்ஜர் எழுதும் இயந்திரம். அதைச் சுற்றி நின்று நாங்கள் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒவ்வொரு கட்டத்திலும் பின்னாலிருந்து தள்ளியது ரிசர்வ் வங்கிதான்.

மாரி, உங்கள் விஷயத்தில் நடந்தது விதி இல்லை, விதியைச் சோம்பேறித்தனமாகப் பயன்படுத்தியது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 102, இப்போதைய சட்டத்தில் 106, அதன்கீழ் போலீஸ் கணக்கை முடக்கலாம். சைபர் மோசடிக்கான 1930 எண்ணில் புகார் வந்த உடனேயே பணம் போன பாதையைப் பிடித்துத் தடுக்க இப்போது அதைப் பயன்படுத்துகிறார்கள். வேகமாகத் தடுப்பதால் பலர் பணம் பிழைத்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தினால் போதும், கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. கிளையில் உட்கார்ந்திருப்பவருக்கு மொத்தமாக முடக்குவது ஒரே அழுத்து. தொகையைப் பார்த்து லீன் போடுவது கொஞ்சம் வேலை.

தேம்ஸ்_தமிழன்

லண்டனிலிருந்து. இங்கே பேருந்திலும் கடையிலும் பொதுவாக 100 பவுண்டு வரை கார்டைத் தட்டினால் போதும், பின் கேட்காது. ஊருக்கு வரும்போது யுபிஐயில் பின் போடுவது எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இங்கே உடனடிப் பணப் பரிமாற்றம் 2008லேயே வந்துவிட்டது. மோசடியும் கூடவே வந்தது. ஏமாந்து நீங்களே அனுப்பிய பணம் என்றால் வங்கி கைவிரித்துவிடும். 2024 அக்டோபர் 7 முதல் சட்டம் மாறியது. ஏமாற்றப்பட்டு நீங்களே அனுப்பியிருந்தாலும் 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். பாதியைப் பணம் அனுப்பிய வங்கியும் பாதியை வாங்கிய வங்கியும் கொடுக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது பாதி. திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கியின் கையையும் கடிக்கிறது. இப்போது புதிதாக ஒருவருக்குப் பணம் போட்டால் எதற்கு, யாருக்கு, போனில் யாராவது சொல்லித் தருகிறார்களா என்று ஆப் குடைந்து குடைந்து கேட்கிறது.

இந்தியாவில் 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி, உங்களுக்குத் தெரியாமல் போன பணத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு. மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு இல்லை. பின்னை நீங்களே போட்டிருந்தால் அதில் இடமில்லை. மோசடிக்காரன் இப்போது பின்னைத் திருடுவதே இல்லை, உங்களையே போட வைக்கிறான். அந்த இரட்டைச் சரிபார்ப்பைப் பற்றி நெசவன் இவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறார். ஆனால் இன்று அது வங்கியைக் காப்பாற்றும் ஆவணமாகவும் ஆகிவிட்டதே? சரியான பின், சரியான போன், நீங்கள்தானே செய்தீர்கள் என்று கைகாட்டிவிடலாம்.

நிரல்_நெசவன்

தேம்ஸ், இது கனமான அடி. நியாயம்தான். தொழில்நுட்பத்தில் விதி கறாராக இருக்கிறது, இழப்பு யார் தலையில் என்பதில் விதி ஊமையாக இருக்கிறது. வாங்கிய வங்கி பாதி கொடுக்க வேண்டும் என்று இங்கே வந்தால், மோசடிக்காரர்களுக்குக் கணக்கை வாடகைக்கு விடும் வியாபாரம் ஒரே வருடத்தில் சுருங்கும். மாரி அண்ணனின் 640 ரூபாய்க்கும் அதுதான் வேர். நடுவில் இருக்கும் நாலைந்து போலிக் கணக்குகளை முளையிலேயே பிடிக்க யாருக்கும் காசு நஷ்டமில்லை. அதனால் கடைசியில் உட்கார்ந்திருக்கும் மளிகைக் கடையைப் பிடிக்கிறார்கள்.

வேணி_வீட்டிலிருந்து

நான் தொழில்நுட்ப ஆள் இல்லை. அம்மாவின் வங்கிக் கணக்கு, கேஸ் புக்கிங், பென்ஷன் எல்லாம் என் தலையில்.

இந்த விதிகள் எல்லாம் ஒரு அனுமானத்தில் நிற்கின்றன: ஒவ்வொருவருக்கும் ஒரு போன், அது எப்போதும் கையில், சிம்மில் எப்போதும் ரீசார்ஜ். அம்மா ஒருவரையும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் ஓடிபி வர வேண்டும் என்பதற்காகவே அந்தச் சிம்மை உயிரோடு வைத்திருக்கிறேன். பட்டன் போனுக்கு 2022 மார்ச்சில் யுபிஐ 123பே என்று கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரில் அதைப் பயன்படுத்தும் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

2021 மார்ச் 8 அன்று ஓடிபியே வராமல் போனதே, அது எதனால் என்று யாராவது விளக்க முடியுமா? பெரியவர்களுக்குத் தடுப்பூசி ஆரம்பித்த புதிது. அம்மாவுக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தால் கோவின் ஓடிபியும் இல்லை, வங்கி ஓடிபியும் இல்லை.

இன்னொன்று. பழைய கட்டிலை விற்க இணையத்தில் போட்டிருந்தோம். வாங்குகிறேன் என்று ஒருவன் அம்மாவிடம் பேசி, பணம் வர இதை அழுத்துங்கள் என்று கலெக்ட் ரிக்வெஸ்ட், அதாவது நம் கணக்கிலிருந்து பணம் கேட்கும் கோரிக்கை, அனுப்பினான். பணம் வாங்கப் பின் தேவையில்லை என்று அம்மாவுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? ஆட்களுக்கிடையே அந்தக் கலெக்ட் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் ஒன்பது வருடம் எதற்காகக் காத்திருந்தார்கள்?

நிரல்_நெசவன்

வேணி அக்கா, மார்ச் 8 சமாசாரம் இது. தொல்லை எஸ்எம்எஸ்களை ஒழிக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் விதி போட்டது. கம்பெனி தன் பெயரை, அனுப்பும் தலைப்பை, செய்தியின் வாசகத்தை எல்லாம் டிஎல்டி என்ற பதிவேட்டில் முன்கூட்டியே ஏற்ற வேண்டும். அனுப்பும் செய்தி அந்த வாசகத்தோடு பொருந்தாவிட்டால் டெலிகாம் கம்பெனி அதை வழியிலேயே போட்டுவிடும். அந்தச் சல்லடையை முழுசாக மூடிய நாள்தான் மார்ச் 8.

நாங்கள் அனுபவித்ததைச் சொல்கிறேன். "உங்கள் ஓடிபி" என்பதற்குப் பிறகு ஓர் இடைவெளி கூடினால் செய்தி போகாது. பெயர், தொகை மாதிரி மாறும் இடங்களுக்கு 30 எழுத்துதான் இடம். நீளமான பெயர் என்றால் அதோடு சரி. பெரிய வங்கிகளே பதிவு செய்து முடிக்கவில்லை. கூச்சல் கிளம்பியதும் டிராய் ஒரு வாரம் தள்ளிவைத்தது. நோக்கம் சரி. மூன்று வருடம் இழுத்துவிட்டு ஒரே நாளில் மூடினதுதான் கூத்து. இவ்வளவும் செய்த பிறகும் வீட்டுக்கடன் வேண்டுமா என்று தினம் ஒரு போன் வருகிறது எனக்கு.

கலெக்ட் ஏன் ஒன்பது வருடம் இருந்தது என்றால், கடைகள் இணையத்தில் பணம் கேட்க அது தேவைப்பட்டது. கடைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை முன்பே வெட்டியிருக்கலாம் என்பது என் எண்ணமும்.

கோவை_குறும்பன்

ஆக எல்லாரும் என் பக்கம் வந்துவிட்டீர்கள் 🙂

பல்லாவரம்_பாலு

இல்லை குறும்பா. உன் பட்டியலில் இருப்பதில் பாதி விதி வந்ததால் வந்த வலி இல்லை, தாமதமாக வந்ததாலும் அரைகுறையாக வந்ததாலும் வந்த வலி. 30 விழுக்காடு வரம்பை 2022லேயே அமல்படுத்தியிருந்தால் உனக்கு அதில் புகார் இருந்திருக்குமா?

ஓடிபி விஷயத்தில் ஒரு செய்தி. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புது வழிகாட்டுதல் வெளியிட்டது, நடைமுறை 2026 ஏப்ரல் 1 முதல். இரண்டு சரிபார்ப்பு கட்டாயம், ஆனால் அதில் ஒன்று எஸ்எம்எஸ் ஓடிபியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கைரேகை, ஆப்புக்குள்ளேயே உறுதி செய்வது, எதுவும் சரி. என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எப்படி என்பதை விட்டுவிடுவது. 2009 விதியும் எழுத்தில் அப்படித்தான் இருந்தது, வங்கிகள்தான் ஓடிபியையே பிடித்துத் தொங்கின.

கோவை_குறும்பன்

2022லேயே அமல்படுத்தியிருந்தால், போன்பே திறக்காமல் ஜனம் தெருவில் நின்று திட்டியிருக்கும். எந்த அமைச்சர் அதைத் தாங்குவார்? அமல்படுத்த முடியாத விதியை எழுதவே கூடாது என்பதுதான் என் வாதம்.

மளிகை_மாரி

பெங்களூரில் என் மச்சான் பேக்கரி வைத்திருக்கிறார். 2025 ஜூலையில் அங்கே வணிகவரித் துறை யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்துச் சிறு கடைகளுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் விட்டது. சரக்கு விற்றால் வருடம் 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம், அதைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. தாண்டியவர் கட்டட்டும். ஆனால் பால், காய்கறிக்கு வரியே இல்லையே, அதையும் சேர்த்துக் கூட்டிவிட்டார்கள். தெருவுக்குத் தெரு யுபிஐ கிடையாது என்று அட்டை தொங்கியது. கடைசியில் முதலமைச்சர் பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம் என்று சொன்ன பிறகுதான் அடங்கியது. மச்சான் இப்போது இரண்டு க்யூஆர் வைத்திருக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சும்மா_சுந்தர்

கேட்காதீங்க அண்ணே, இங்கேயும் எழுதாதீங்க.

மட்டுறுத்துநர்

வரி ஏய்ப்பு யோசனைகளுக்கு இது இடமில்லை. தலைப்பில் தொடரவும்.

மளிகை_மாரி

யோசனை ஒன்றும் சொல்லவில்லை சார். கேஷியர் ஐயா, அந்த 640 ரூபாய் லீனை எடுக்க வழி இருக்கிறதா? தொகை சின்னதுதான். ஆனால் அது கிடக்கும்வரை கடன் கேட்டுப் போனால் மேனேஜர் கணக்கைப் பார்த்து முகம் சுளிக்கிறார்.

பழைய_கேஷியர்

இருக்கிறது. முதலில் கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள்: எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, உத்தரவு தேதி என்ன. வாயால் சொன்னால் வாங்காதீர்கள், உங்கள் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல், பதிவுத் தபால் இரண்டிலும் ஒரு கடிதம். கடையின் உரிமம், அன்றைய பில் அல்லது விற்பனைக் குறிப்பு, யுபிஐ பரிவர்த்தனை எண் மூன்றையும் இணையுங்கள். சரக்குக்கு ஈடாக வந்த பணம், வாங்கியவரை எனக்குத் தெரியாது என்று இரண்டு வரி போதும். கதை எழுத வேண்டாம்.

வங்கி விவரம் தராமல் இழுத்தால், புகார் கொடுத்த 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் போகலாம், கட்டணம் இல்லை. போலீஸ் உத்தரவு சரியா தப்பா என்று அங்கே கேட்க முடியாது. வங்கி பதில் தரவில்லை என்பதைத்தான் கேட்க வேண்டும், அதைக் குழப்பினால் புகாரைத் தள்ளிவிடுவார்கள்.

மளிகை_மாரி

அன்றைக்கு பில் போடவில்லை ஐயா. ஸ்டாக் நோட்டில் எண்ணெய், சோப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு. அது போதுமா?

பழைய_கேஷியர்

போதும். அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள், நோட்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.